சட்டப்படி ஒரு துடக்கு

சிவமயம்

கோப்பாய் தெற்கு,
2021 ஆவணி, புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் தம்பிராசா அவர்கள் சமூகத்துக்கு,

கோப்பாய் அரைக்கும் ஆலை பஞ்சலிங்கம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், மில்லும், தொழிலாளரும், சட்டமும் ஒருவருக்கொருவர் குறைவில்லாத சுகத்துடன் இருக்கிறோம். அங்கே நல்லூரில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மருமகன் பிரவீணனும் என் மகள் தர்சினியும், நான் இன்னும் போனில் மட்டும் பார்த்த என் பேரனும், மகளுக்குத் துணை என்று போன மாதமே வந்து உங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி மகாதேவியும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். மில் தூசு பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று மகளை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்ட பெருந்தன்மையை நான் மறக்கவில்லை. அதை நீங்கள் ஊரில் நாலு பேருக்குச் சொல்லியிருப்பதையும் மறக்கவில்லை.

போனில் சொல்லக்கூடியதை இவன் ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். நீங்கள் தொழிலாளர் சட்டம் பார்க்கிற தொழில் அலுவலராக இருந்து இளைப்பாறியவர். "வாயாலை சொன்னது காத்தோடை போயிடும், எழுத்திலை தாரும்" என்று எங்கள் பிள்ளைகளின் கலியாண வீட்டில் சமையல்காரரிடம்கூட நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. அதே கலியாண வீட்டில், பந்தியில், எல்லாரும் கேட்கத்தக்கதாக, "பஞ்சலிங்கத்தார் நடத்திறது மில் இல்லை, குடும்பம். அங்கை சட்டம் ஒண்டும் இல்லை, சத்தம்தான் இருக்கு" என்றும் சொன்னீர்கள். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாயாசத்தைக் குடிக்காமல் எழும்பிவிட்டேன். அந்தப் பேச்சுக்குப் பதில்தான் இந்தக் கடிதம். கூடவே ஓர் உதவியும் கேட்கப்போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அந்த உதவி கிடைக்காவிட்டால் அற்புதராணி என் மில்லை விட்டுப் போய்விடுவாள்.

அற்புதராணியை உங்களுக்கு நேரில் தெரியாவிட்டாலும் உங்கள் வீட்டு மீன்குழம்புக்குத் தெரியும். எங்கள் கறித்தூள் பையில் என் பெயர்தான் அடித்திருக்கிறது, ஆனால் வறுக்கிற கை அவளுடையது. செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் தாச்சியில் கிடக்கும்போது எப்போது இறக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது, அவர் தெரிந்தவர் மாதிரி நின்றார், அவ்வளவுதான். புருசன் இல்லை, படிக்கிற பிள்ளைகள் இரண்டு, அந்தத் தாச்சியை நம்பித்தான் குடும்பம். போன வருடம் தொற்றுக்காக முதன்முதல் ஊரடங்கு போட்டபோது அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணை, மில்லுகளிலை ஆக்களை நிப்பாட்டப் போகினமாம் எண்டு சனம் கதைக்குது. நான் வீட்டிலை நிண்டால் என்ரை வேலை இருக்குமோ?" என்று கேட்டாள். "உன்ரை வேலை எங்கை பிள்ளை போகப்போகுது?" என்றேன். "வாய்ச்சொல்லு வேண்டாம் அண்ணை. சட்டப்படி நடத்தினால் நிப்பன். இல்லாட்டிக் கொடிகாமத்து மில்காரர் எப்ப வாறாய் எண்டு கேட்டபடி இருக்கினம்" என்றாள்.

அன்று தொடங்கியது என் சட்ட வாழ்க்கை. பத்திரிகையில் வந்தது, வானொலியில் சொன்னது, சுகாதாரப் பரிசோதகர் வந்து சுவரில் ஒட்டிவிட்டுப் போனது, வட்ஸ்அப்பில் வந்த பொய், எல்லாவற்றையும் படித்தேன், படித்த எல்லாவற்றையும் நடைமுறைப்படுத்தினேன். முதலில், ஒருவரையும் வேலையால் நிறுத்தாமல், கூப்பிடாத நாளுக்கும் ஒரு பங்கு சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதில் எனக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். மில்லின் வாயில் சாமான் கொட்டுகிற ஜெயரூபனை அந்தக் கிழமைதான் நிறுத்துவதாக இருந்தேன். வேலை நேரத்தில் மல்லிச் சாக்கின் மேல் நித்திரை கொள்ளுகிற ஆள். கூப்பிட்டு, "ஜெயரூபன், இனி நீ" என்று வாயெடுத்தேன், வானொலியில் அந்த ஏற்பாட்டுச் செய்தி தொடங்கிவிட்டது. அவன் வானொலியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், சாக்கைத் தட்டிச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் படுத்தான். சட்டத்துக்காக ஜெயரூபனையே பொறுத்துக்கொண்ட முதலாளி இந்த வலிகாமத்தில் வேறு யார் இருக்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம்.

பிறகு எல்லாரும் ஒரே நாளில் வராமல் பாதிப் பேராக முறைவைத்து வரவேண்டும் என்றார்கள். ஓரவஞ்சனை இல்லாமல் பிரித்தேன். மேலே சாமான் கொட்டுகிற ஜெயரூபன் திங்கட்கிழமை, கீழே தூளுக்குச் சாக்குப் பிடிக்கிற லெனாட் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை அரைபட்ட தூள் எல்லாம் நிலத்தில் கொட்டியது. செவ்வாய்க்கிழமை லெனாட் வெறுமனே சுற்றுகிற மில்லுக்குக் கீழே சாக்கை விரித்துப் பிடித்தபடி பின்னேரம்வரை நின்றான். லெனாட் பாசையூர் ஆள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், சொன்னதைக் கேட்கிற நல்ல மனிசன். "அண்ணை, ஒண்டும் விழுகுதில்லை" என்றான். "தொற்றும் விழேல்லைத்தானே, பிடியும்" என்றேன். அதற்குப் பிறகுதான் யோசித்து, மழைத்தண்ணி ஓடக் கூரைக்குப் பூட்டுகிற பீலி ஒன்றை வாங்கி மில்லின் வாயோடு பொருத்தி, இருவரையும் ஒரே நாளில் அந்தத் தலைப்பிலும் இந்தத் தலைப்பிலுமாக நிறுத்தினேன். இடைவெளிக்கு இடைவெளி, தூளுக்குத் தூள். போனில் ஓடர் எடுக்கிற என் தம்பி மகள் ஆரபிக்கு வீட்டிலிருந்தே வேலை. அவள் வீடு அடுத்த வளவு, நடுவில் ஒரு வேலி. இப்போது அவள் ஓடர்களை வேலிக்கு மேலால் கத்திச் சொல்லுகிறாள், எந்த வீட்டில் எத்தனை கிலோ தூள் முடிகிறது என்று முழு ஒழுங்கைக்கும் தெரியும். வெளிப்படைத்தன்மை என்று நீங்கள் அடிக்கடி சொல்லுவீர்களே, அது இதுதான் என்று நினைக்கிறேன்.

காலையில் படலையில் நின்று, காய்ச்சல் பார்க்கிற துவக்கை ஒவ்வொருவரின் நெற்றிக்கும் நேரே பிடிப்பது நான்தான். ஜெயரூபனின் நெற்றிக்குப் பிடிக்கும்போது ஒரு தனிச் சந்தோசம் வருகிறது, மறைக்கமாட்டேன். என் நெற்றிக்கு ஒருவரும் பிடிப்பதில்லை. தொழிலாளரைப் பார்க்கச் சொல்லித்தான் அறிவித்தலில் இருக்கிறது, முதலாளியைப் பார்க்கச் சொல்லி இல்லை. காற்றோட்டம் வேண்டும் என்றார்கள், கூரைத் தகடு கழற்றிப் புகை இழுக்கிற விசிறி பூட்டினேன். அதன் பலனை நீங்கள் வந்து பார்க்கவேண்டும். இரண்டு நாளாகத் தாச்சிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறேன், ஒரு தும்மல் இல்லை, ஒரு செருமல் இல்லை, மிளகாய் மணமே இல்லை. முந்தி அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றால் கண்ணும் மூக்கும் ஒழுகும். சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்தால் காற்றே திருந்திவிடுகிறது.

இனித்தான் முக்கியமான விஷயம். ஒருவருக்குத் தொற்று என்றால் அவரோடு சம்பந்தப்பட்டவர்கள் பதினான்கு நாள் வீட்டில் இருக்கவேண்டும், அதற்காக முதலாளி அவர்களுடைய வேலையில் கை வைக்கக்கூடாது என்று பரிசோதகர் ஒட்டிய அறிவித்தலில் இருந்தது. சனம் இது ஏதோ புதுச் சட்டம் என்று நடுங்கியது. நான் நடுங்கவில்லை. ஒரு சாவு விழுந்தால் இரத்த உரித்துக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயில் வாசல் மிதிக்கக்கூடாது, நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது. பிள்ளை பிறந்தாலும் துடக்கு. நீங்களே இப்போது பேரன் பிறந்த துடக்கில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்துவருவதை உலகம் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது, அதிலும் நாளைக் குறைத்து. ஆகவே அறிவித்தலில் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் வாசிக்கவில்லை. துடக்குத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?

போன வெள்ளிக்கிழமை காலை அற்புதராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "லண்டனிலை கந்தப்புச் சித்தப்பாவுக்கு வந்திட்டுதாம் அண்ணை. ஆஸ்பத்திரியிலையாம்" என்றாள். எனக்கும் மனம் கலங்கியது. உடனே, "பிள்ளை, நீ பதினாலு நாள் வீட்டிலை இரு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணை? அவர் லண்டனிலை. நான் அவரைக் கண்டு எத்தினை வருசம்."

"அவர் உன்ரை தகப்பன்ரை கூடப்பிறந்த தம்பி தானே?"

"ஓம். ஆனால் அவர் லண்டனிலை."

"லண்டனிலை ஆக்கள் செத்தால் இஞ்சை நாங்கள் துடக்குக் காக்கிறேல்லையோ? துடக்கு பிளேன் ஏறி வருகுதெண்டால் இது வராதோ?"

சட்டத்தையும் சைவத்தையும் ஒரே இடத்தில் பொருத்திய என் விளக்கம் எனக்கே பிடித்துப்போனது. அதற்குள் மல்லிச் சாக்கின் மேல் கிடந்த ஜெயரூபன் எழும்பி வந்துவிட்டான். அவன் அற்புதராணிக்குப் பெரியப்பா மகன். வேலிச் சண்டையில் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துக் கதைத்து நாலு வருடம். ஆனால் அன்று அவன் முகத்தில் அப்படி ஒரு துக்கம். "கந்தப்பர் எனக்கும் சித்தப்பாதானே அண்ணை. ஒரே இரத்தம். நானும் வீட்டை போறன்" என்றான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். அனுப்பினேன். ஒழுங்கை திரும்பியதும் அவன் சீழ்க்கை அடிப்பது கேட்டது. துக்கத்தில் சிலர் அப்படித்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மிஞ்சியது நானும் லெனாட்டும். லெனாட் எங்கள் பகுதியில் ஒருவருக்கும் சொந்தமில்லை, ஆகவே நூறு வீதம் பாதுகாப்பானவன். நானும் மயிரிழையில் தப்பினேன் என்றுதான் சொல்லவேண்டும். அதற்கு முதல்நாள் வியாழக்கிழமை கொடிகாமத்துக்குச் செத்தல் வாங்கப் போயிருந்தேன். அங்கே வழக்கமாகச் சாமான் தருகிற வியாபாரியோடு ஒரே வாங்கில் இருந்து, ஒரே தட்டத்தில் வெற்றிலை போட்டு, விலை பேசி முடிக்க மத்தியானமாகிவிட்டது. மனிசன் ஒரே இருமல். திங்கட்கிழமை செய்தி வந்தது, அவருக்கும் பொசிற்றிவாம். நல்லவேளை, அவர் எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை, கொண்டான் கொடுத்தான் உறவுகூடக் கிடையாது. சொந்தமாக இருந்திருந்தால் நானும் அல்லவா வீட்டில் இருக்க வேண்டி வந்திருக்கும், மில்லை யார் பார்ப்பது?

இப்போது உதவிக்கு வருகிறேன். அற்புதராணி நான் செய்ததைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. சம்பளத்தை ஆரபியிடம் வேலிக்கு மேலால் கொடுத்தனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டாள். "வேறை ஆளைத் தாச்சியடியிலை வைக்கத்தானே அண்ணைக்கு இந்தச் சாட்டு? வெள்ளிக்கிழமை பூசை முடிய நான் கொடிகாமத்தாருக்கு மறுமொழி சொல்லப்போறன் எண்டு சொல்லு" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். வேறு ஆளை வைக்கவில்லை என்று காட்டத்தான், இந்த வயதில், நானே அகப்பையும் கையுமாக இரண்டு நாளாக வறுக்கிறேன். சம்பந்தியார், அவள் போனால் தூள் போகும், தூள் போனால் என் பெயர் போகும். அதைவிட, இத்தனை வருடம் என் மில்லில் நின்றவள் நான் ஏமாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு படலையால் இறங்கிப் போவதை என்னால் தாங்க முடியாது. தொழில் அலுவலராக இருந்த உங்கள் வாக்கை அவள் நம்புவாள். "பஞ்சலிங்கம் ஒரு எழுத்துப் பிசகாமல் சட்டப்படிதான் நடந்தார்" என்று இரண்டு வரி உங்கள் கையெழுத்தில் அவளுக்கு எழுதித் தரவேண்டும். கலியாண வீட்டில் சொன்னதற்கு அது ஒரு பிராயச்சித்தமாகவும் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓர் அருமையான காட்சி. லெனாட் சாக்கைப் போட்டுவிட்டு வெளியே ஓடுகிறான், ஒரே இடத்தில் இரண்டு பேர் அதிக நேரம் நிற்கக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தது இப்போதுதான் பலிக்கிறது. ஆரபி வேலிக்கு அந்தப் பக்கம் கத்துகிறாள், பெரிய ஓடர் போலிருக்கிறது. ஒழுங்கையில் போகிற சனம் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு ஆளுக்கு ஆள் தள்ளி நிற்கிறது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர்கூட இறங்கிச் சால்வையால் முகத்தைச் சுற்றிக் கட்டுகிறார். எங்கள் ஒழுங்கையில் இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. ஒரு மில் சட்டப்படி நடந்தால் ஊரே அதைப் பார்த்துத் திருந்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேரனின் துடக்குக் கழிவுக்குக் கட்டாயம் வருவேன். காப்புச் செய்வித்து வைத்திருக்கிறேன். என் கையால் வறுத்த தூளிலும் ஒரு பை கொண்டுவருவேன், சம்பந்தியம்மா அதில் குழம்பு வைத்துப் பார்த்துவிட்டு வித்தியாசம் சொல்லட்டும். பிள்ளைகள் நீடூழி வாழவேண்டும், பேரன் உங்கள் படிப்போடும் என் தொழிலோடும் வளரவேண்டும், எல்லாருக்கும் அந்தக் கந்தன் காவல் இருக்கவேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சட்டத்துக்கு அடங்கிய,
உங்கள் சம்பந்தி
பஞ்சலிங்கம்

பிற்குறிப்பு: இதை நீங்கள் கடதாசியில் வாசிக்கமாட்டீர்கள். நான் வீட்டு யன்னலுக்கு உள்ளே நின்று தாளைத் தூக்கிப் பிடிக்க, ஆரபி முற்றத்தில் நின்று போனில் படம் எடுத்து அனுப்புகிறாள். காரணம் பின்வருமாறு.

மேலே சனத்தின் கட்டுப்பாடு பற்றி எழுதியதை வெட்டிவிடுங்கள். தாச்சியில் கிடந்த மிளகாய் முழுவதும் கரியாகி, நான் பூட்டிய விசிறி அந்தப் புகையை ஒரு குறையும் விடாமல் ஒழுங்கைக்குத் தள்ளியிருக்கிறது. நான் பக்கத்தில் இருந்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு ஒழுங்கை தள்ளி வீட்டில் இருந்த அற்புதராணிக்கு மணத்துவிட்டது. முகத்தில் ஈரத்துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து அடுப்பில் தண்ணியை ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"என்ன மணம்?" என்றேன்.

அவள் பின்னுக்குப் போய், மேசையில் கிடந்த காய்ச்சல் துவக்கை எடுத்துக் கையை எட்டி என் நெற்றிக்குப் பிடித்தாள். வாழ்நாளில் முதல்தடவை அந்தத் துவக்கின் முன்பக்கத்தைப் பார்த்தேன். "கொடிகாமத்துச் செத்தல்காரரோடை ஆர் இருந்தது?" என்று கேட்டாள். "நான்தான். ஆனால் அவர் எங்களுக்குச் சொந்தமில்லைப் பிள்ளை" என்றேன். வேடிக்கை பார்க்க வந்த ஜெயரூபன் ஒழுங்கையில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினான். பரிசோதகர் வந்து சோதித்தார், எனக்கு இருக்கிறது. அறிவித்தலின் சின்ன எழுத்தையும் அவரே வாசித்துக் காட்டினார். சொந்தத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருந்ததைப் பற்றித்தான் இருக்கிறது. ஒருவருக்கும் சொந்தமில்லாத லெனாட்டும் வீட்டில். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். என் துடக்குக் கணக்கால்தான் அற்புதராணியும் ஜெயரூபனும் வெள்ளிக்கிழமையிலிருந்து என் பக்கம் வராமல் தப்பினார்கள். பரிசோதகரே அதை ஒப்புக்கொண்டார், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் என்றாலும்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். நல்லகாலம், போன ஞாயிறே ஓடிவந்து அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சாமல் விட்டேன். காப்பை வெந்நீரில் போட்டு வைத்திருக்கிறேன். மகாதேவிக்கு மெல்லமாகச் சொல்லுங்கள்.

அற்புதராணிக்கு நீங்கள் எழுதவேண்டியதில்லை. கிருமி மருந்தடித்து முடிய மில்லைப் பூட்டித் திறப்பை அவள்தான் எடுத்தாள். போகும்போது படலைக்கு வெளியே நின்று, "பதினாலு நாள் வெளிக்கிடப்படாது. சாப்பாடு படலையிலை வைப்பம்" என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. "அப்ப கொடிகாமத்துக்கு எப்ப பிள்ளை போறாய்?" என்றேன். "எங்கை அண்ணை போறது? நீங்கள் வறுத்ததுக்கே ஊர் ஓடிப்போச்சு" என்றாள். இரண்டடி நடந்து, திரும்பி நின்று, "பயப்பிடாதேங்கோ, உங்கடை வேலை இருக்கும்" என்றாள். மூக்குக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை சம்பந்தியார், கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. யன்னலைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஆகவே உதவியை மாற்றிக் கேட்கிறேன். வலிகாமத்திலேயே தன் தொழிலாளியால் சட்டப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் முதலாளி பஞ்சலிங்கம்தான் என்று உங்கள் கையெழுத்தில் எழுதித் தாருங்கள். கண்ணாடி போட்டு மில்லில் மாட்டவேண்டும். ஆணி அடிக்க ஜெயரூபன் இருக்கிறான், எழும்பினதும் அடிப்பான்.